சாத்து

நெருப்பில்லாமல் புகையாது என்று முதலில் சொன்னவர் நொய்யல் வியூவில் குடியிருந்ததில்லை. கோயம்புத்தூருக்கு வெளியே, பழைய பஞ்சாலை ஒன்றை இடித்த மனையில் எழும்பிய அடுக்ககம் அது. எந்த மாடியில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் நொய்யல் தெரியாது, தெரிந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளத்தான் தோன்றும், இருந்தாலும் பெயர் அப்படி. அங்கே ஒரு சித்திரை மாத வெள்ளிக்கிழமை, பெண்கள் முகம் கழுவிப் பொட்டு வைத்து விளக்கேற்றுகிற நேரத்தில், ஒரு தீக்குச்சி அளவு நெருப்புகூட எங்கும் இல்லாமல் புகை வந்தது. மின்சார ஒயரும் இன்டர்நெட் ஒயரும் அடித்தளத்திலிருந்து மொட்டை மாடிவரை ஏறிப்போகிற டக்ட் என்ற ஒடுக்கமான சந்திலிருந்து, மாடிக்கு மாடி சுவரில் இருந்த ஓட்டைகள் வழியே, விருந்துக்கு வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதுபோல நிதானமாக, சாம்பல் நிறத்தில், சூடில்லாமல், கண்ணைக் கரிக்காமல், நடைவழிகளில் நிறைந்து, திறந்து கிடந்த வாசல்களுக்குள் நுழைந்து, பூஜை அறைகளை எட்டிப் பார்த்து, விளக்கைக் குளிர வைக்கிற நேரத்துக்கு வந்த வழியே இறங்கிப்போனது.

முதல் வெள்ளி தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்கள் அடித்தளம் முதல் தண்ணீர்த் தொட்டிவரை தேடினார்கள், டக்ட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள், ஒயர்கள் குளிர்ந்தே இருந்தன. பெரியவர் போலிருந்தவர் புகைக்கு நடுவே நின்றுகொண்டு, நெருப்பு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அது உண்மைதான். அடுத்த வெள்ளி புகை மறுபடியும் வந்தது. அதற்கும் அடுத்த வெள்ளி கொஞ்சம் நேரமானதும், என்ன இன்னும் காணோம் என்று ஆட்கள் நடைவழியில் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள், அதில்தான் அவர்கள் பிழைப்பும் இருக்கிறது, சாவும் இருக்கிறது. புகை வந்த நாளிலிருந்து கட்டடத்தில் கொசு இல்லை. மூன்றாம் மாடி மருமகள் ஒருத்தி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தையைக் கொண்டுவந்து டக்ட் ஓட்டைக்கு முன்னால் பிடித்தாள். தலை நன்றாகக் காய்ந்தது, சளி பிடிக்கவில்லை. அடுத்த வெள்ளி ஒவ்வொரு ஓட்டைக்கு முன்னாலும் குழந்தைகளோடு ஒரு வரிசை நின்றது. சாம்பிராணி வாங்குகிற வேலை மிச்சம் என்றார்கள். இன்டர்நெட்காரர்கள் ஒயர் இழுக்க இடித்துவிட்டு அடைக்காமல் போன ஓட்டைகள் அவை. அதுவரை கரப்பான்பூச்சி வருகிறதென்று திட்டிக்கொண்டிருந்தவர்கள் இப்போது அவற்றைச் சுற்றிக் கோலம் இழைத்தார்கள். வீட்டுத் தரகர்கள், கொசு இல்லாத அடுக்ககம், வாராவாரம் தூபம் என்று விளம்பரம் கொடுத்தார்கள். தங்கள் வாசல் ஓட்டைகளிலிருந்து தள்ளி இருந்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள, அந்தப் புகைச்சலும் இதோடு சேர்ந்துகொண்டது.

ஆறாம் மாடியில் சென்னியப்பன் இருந்தார். பம்பு செட் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர், ஆயுள் முழுக்கக் கருப்புச் சட்டை போட்டவர், கோயிலுக்கு வெளியே மனைவியின் செருப்புக்குக் காவல் நிற்பாரே தவிரப் படி ஏறமாட்டார். மனைவி துளசிமணி கல்யாணமான நாளிலிருந்து எல்லாத் தெய்வத்திடமும் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள், இந்த மனுசனுக்கு நல்ல புத்தி கொடு என்று. தெய்வங்கள் அதைக் கொடுக்காமல் பக்கவாதத்தைக் கொடுத்தன. வலது கையும் காலும் பேச்சும் போய், சென்னியப்பன் சக்கர நாற்காலிக்கு வந்து சேர்ந்தார்.

அந்தக் கட்டடத்தில் மாடிப்படியும் லிப்ட்டும் டக்ட்டும் ஒரு பக்கம், வீடுகள் இருக்கிற நடைவழி ஒரு பக்கம். நடுவே மாடிக்கு மாடி ஒரு கனத்த கதவு. தீப்பிடித்தால் தீயையும் புகையையும் லிப்ட் பக்கமே நிறுத்தி வைக்கிற கதவு அது. மேலே இருக்கிற ஸ்பிரிங் அதைத் தானாக இழுத்து மூடிவிடும். அந்த இழுப்புதான் துளசிமணிக்குத் தொல்லை. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவள் தாண்டுவதற்குள் கதவு திரும்பி வந்து சென்னியப்பனின் விளங்காத காலை இடிக்கும். ஒருநாள் கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது, அவருக்கு வலிக்கவில்லை, அவளுக்குத்தான் வலித்தது. அன்றைக்கே பழைய கிரைண்டரின் குழவியை உருட்டிக்கொண்டு வந்து, லிப்ட் பக்கமாக விரியத் திறந்த கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள். மாவு பாக்கெட்டில் வர ஆரம்பித்த பிறகு அந்தக் குழவிக்கும் வேறு வேலை இல்லை. மற்ற மாடிகளிலும் செங்கல்லோ பூந்தொட்டியோ அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வாசல்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறவள், விரலில் மிச்சமிருந்ததைக் குழவிக்கும் ஒரு பொட்டாக வைத்தாள். வீணாகக் கழுவுவானேன் என்பதற்கு மேல் அதில் எண்ணம் எதுவும் இல்லை.

புகை வந்த முதல் வெள்ளியன்று, விளக்கு வைக்கும்போது வாசல் அடைத்திருந்தால் லட்சுமி திரும்பிப் போய்விடுவாள் என்பதால், வீட்டு வாசல் விரியத் திறந்து கிடந்தது. ஹாலில் நாற்காலியில் இருந்த சென்னியப்பனுக்கு நேர் எதிரே நடைவழி, நடைவழிக் கோடியில் முட்டுக் கொடுத்த கதவு, அதன் அடியில் பொட்டு வைத்த குழவி. புகை அந்தக் கதவைக் கடந்து, குழவியைச் சுற்றிக்கொண்டு வந்தது. மாதக்கணக்கில் வாய் திறக்காத மனிதர் இடது கையைத் தூக்கி அந்தத் திசையைக் காட்டினார்.

“சாத்து” என்றார்.

துளசிமணி திரியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். எதிர்வீட்டிலிருந்து சபாபதி ஓடிவந்தார். அவர் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர், கிரைண்டர் செய்கிற பட்டறை வைத்திருப்பவர், எது நடந்தாலும் முதலில் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருப்பவர்.

“சாத்து, சாத்து” என்றார் சென்னியப்பன், விரலை மடக்காமல்.

தமிழில் கதவையும் சாத்துவார்கள், சாமிக்கு மாலையும் சாத்துவார்கள். விரல் நீண்ட திசையில் கதவும் இருந்தது, பொட்டு வைத்த கல்லும் இருந்தது, லிங்கம் மாதிரி நின்ற கல்லைச் சுற்றித் தூபம் மாதிரிப் புகையும் இருந்தது. யாருக்கும் கதவு கண்ணில் படவில்லை.

“அக்கா, சாமி கேக்குதுங்க” என்றார் சபாபதி, உடம்பு சிலிர்த்து. “மாலை சாத்தச் சொல்லுதுங்க. கருப்புச் சட்டைக்காரரு நாக்குல வந்து நின்னு கேக்குதுன்னா சும்மாவா?”

துளசிமணி நின்ற இடத்திலேயே அழுதாள். பேச்சு திரும்பியதற்காகக்கூட அல்ல, திரும்பிய பேச்சு எங்கே போய் நின்றது என்பதற்காக. பூஜை அறையிலிருந்து மாலையை எடுத்துக்கொண்டு ஓடிக் குழவிக்குப் போட்டாள். சென்னியப்பன் தலையை ஆட்டி, இன்னும் சத்தமாக, “சாத்து” என்றார். வஸ்திரம் சாத்தச் சொல்கிறார் என்றார்கள். ஒரு பட்டுத் துண்டு வந்தது. “சாத்து” என்றார். சந்தனக் காப்பு என்றார்கள். அவர் கத்தக் கத்தக் கல்லுக்கு ஏதாவது ஒன்று கூடிக்கொண்டே போனது, கடைசியில் அவருடைய இடது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்தது. பக்தி என்றார்கள்.

அப்படித்தான் குழவி திருக்கதவீஸ்வரர் ஆனது. கதவில், ‘தீக்கதவு. எப்போதும் மூடியே இருக்க வேண்டும்’ என்று ஒரு பலகை இருந்தது. சாமி இருக்கிற இடத்தில் தீ என்று எழுதியிருப்பதும் மூடு என்று எழுதியிருப்பதும் அமங்கலம் என்று யாருக்கோ பட்டது. பெயிண்ட் வாங்கி வந்து, தீயைத் திருவாக்கி, மூவைப் பாவாக்கி, ‘திருக்கதவு. எப்போதும் பாடியே இருக்க வேண்டும்’ என்று ஆக்கிவிட்டார்கள். பலகையே சொன்ன பிறகு பாடாமல் இருக்க முடியுமா? வெள்ளிதோறும் பெண்கள் புகைக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடினார்கள், பாட்டுக்கு நடுநடுவே சென்னியப்பனின் குரல் கேட்டது, அவரும் கலந்துகொள்கிறார் என்று எல்லாருக்கும் நிறைவாக இருந்தது.

பிலோமினா வந்தது அதற்குப் பிறகுதான். ஒரு கம்பெனியின் சார்பில் வருசத்துக்கு இரண்டு தடவை வருவாள். கதவுக்கும் நிலைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, ஓரத்து ரப்பர் பட்டை விட்டுப்போயிருக்கிறதா, ஸ்பிரிங் இழுக்கிறதா, சுவரில் புதிதாக ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதும், பார்த்ததைச் சரிசெய்வதும் அவள் வேலை. தீயை அணைக்கிற வேலை அல்ல, வந்த தீயை வந்த இடத்திலேயே உட்கார வைக்கிற வேலை. அது ஒழுங்காக நடந்தால் எதுவுமே நடக்காது, அதனால் அதற்கு நன்றி சொல்கிற ஆளும் கிடையாது. இடுக்குகளில் காற்று போகிறதா என்று பார்க்க அவள் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவோரமாகக் காட்டுவாள். வேதக்காரப் பெண்ணே வந்து எங்கள் ஈஸ்வரருக்குப் பத்தி காட்டினாள் என்று கட்டடம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலைவரை இருந்து அவள் அந்தப் புகையைப் பார்த்தாள். அவளும் ஆச்சரியப்படவில்லை. அவள் வேலைக்கு அது வரம், எங்கெங்கே ஓட்டையோ அங்கெல்லாம் புகையே போய்க் காட்டியது; பின்னாலேயே நடந்து சுவரில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டு போனாள். “வரப்போற தீ, பொகையை முன்னாடி அனுப்பி வழி பாத்துட்டு இருக்குது” என்று வாட்ச்மேனிடம் சொன்னாள். அவர் சிரித்தார். வழியைத் தொடர்ந்துகொண்டே அவள் வந்து நின்ற இடம் சென்னியப்பனின் படுக்கை அறை.

அறைச் சுவரில், கூரையிலிருந்து ஆரம்பித்து, ஒன்றின் கீழ் ஒன்றாகச் சாம்பல் கோடுகள் இருந்தன, வெள்ளம் வற்றின வீட்டுச் சுவரில் இருக்குமே அதுபோல. ஆனால் வெள்ளம் மேலே ஏறும், இது கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

“அக்கா, இந்தக் கோடெல்லாம் எப்ப இருந்து?”

“அதுங்களா?” என்றாள் துளசிமணி, கஞ்சியை ஆற்றிக்கொண்டே. “வெள்ளிக்கு வெள்ளி ஒண்ணு உழுகுதுங். தொடச்சாலும் போகறதில்ல.”

“பொகை வந்து நிக்கற மட்டம் அது. வாராவாரம் எறங்குது. பாருங்க, கட்டிலுக்கு மேல ஒரு முழந்தான் இருக்குது.” பிலோமினா கட்டிலோரம் உட்கார்ந்தாள். “தீப்புடிச்சா லிப்ட் ஓடாது. மத்தவங்க எல்லாம் படியில எறங்கி ஓடிருவாங்க. இவரை ஆறு மாடி யாருங்க்கா தூக்கிட்டு எறங்குவா?”

“ஆண்டவன் இருக்கறானுங்க.”

“இருக்கட்டும். ஊருக்கெல்லாம் படி இருக்குது, இவருக்கு அந்தக் கதவு ஒண்ணுதான் இருக்குது. அது மூடியிருந்தா, ஆளுங்க வந்து தூக்கற வரைக்கும் இங்கயே பத்திரமா இருப்பாரு. அந்தக் கதவுக்குத்தான் நீங்க கல்லைப் போட்டு வெச்சிருக்கீங்க.”

நாற்காலியிலிருந்து சென்னியப்பன் இடது கையைத் தூக்கினார். “சாத்து.”

“சாத்தறேனுங்க ஐயா” என்று சொல்லிக்கொண்டே பிலோமினா எழுந்துபோய், யார் சொன்னாலும் செய்கிற மாதிரி, அறைக் கதவை மூடினாள். அப்போதைக்குப் புகை நின்றது. சென்னியப்பன் கையை மடியில் இறக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். சித்திரைக்குப் பிறகு அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அவர் அமைதியானது அதுதான் முதல் தடவை. துளசிமணி கஞ்சிக் கிண்ணத்தோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“கதவைச் சாத்தத்தானுங்க்கா சொல்றாரு” என்றாள் பிலோமினா மெதுவாக.

துளசிமணியின் முகம் இருண்டது. வாழ்நாளெல்லாம் வேண்டிக் கிடைத்த ஒன்றை யாரோ வந்து கையிலிருந்து பிடுங்கினால் எப்படி இருக்கும்? “நீங்க வேற சாமி கும்பிடறவங்க” என்றாள். “எங்கூட்டுச் சாமி என்ன கேக்குதுன்னு உங்களுக்கென்ன தெரியுங்? எந்திரிச்சுப் போங்க அம்மிணி.”

பிலோமினா போனாள், ஆனால் வேலையை விடவில்லை. இரண்டு மாடிகளில் ஓட்டைகளைத் தீ தாங்குகிற பூச்சு வைத்து அடைத்தாள். அந்த மாடிகளில் புகை வரவில்லை, கொசு வந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த மாடிக்கு ஓட வேண்டியிருக்கிறதே என்று பெண்கள் சண்டைக்கு வர, யாரோ ஸ்க்ரூ டிரைவரால் பூச்சைக் குத்திப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். ஆறாம் மாடிக் கதவின் ஸ்பிரிங்குக்கு எண்ணெய் போட்டு முறுக்கி வைத்தாள், மூன்று ஓரத்திலும் புதுப் பட்டை ஒட்டினாள். “தொறந்தே கெடக்கற கதவுக்கு எதுக்கும்மா இத்தனை சேவுகம்?” என்று வாட்ச்மேன் கேட்டார். “அடியில ஒரு வெரல் சந்து இருக்குது. கதவை மூடினாத்தான் அளவு பாத்துப் பட்டை போட முடியும். மூட விடமாட்டீங்கறாங்க, பொகைக்கு அந்தச் சந்து போதும்” என்றாள் அவள். வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த துளசிமணி தலை நிமிராமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வெள்ளி கோடு இன்னும் இறங்கியது. துளசிமணி கட்டிலின் காலுக்கடியில் வைத்திருந்த செங்கல்லை எடுத்து, கட்டிலையே தாழ்த்தினாள். அதற்கடுத்த வெள்ளி கோடு அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு இறங்கியது. அவள் சபாபதி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“அந்தக் கல்ல எடுத்துப் போடலாமுங்களா தம்பி?”

சபாபதி எழுந்தே நின்றுவிட்டார். “என்னுங்க்கா இப்புடிக் கேக்கறீங்க?”

“நான் வெச்ச கல்லுதானுங்க அது.”

“வெச்சது நீங்கதான், நான் இல்லைங்கல. ஆனா இப்ப அது உங்க கல்லு இல்லீங்க்கா.” அவர் குரலில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. “வேணும்னா பூ கேட்டுப் பாத்தர்லாமுங்க.”

பூ கேட்பது என்றால், சாமியின் மனசை அறிய வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனி இலைப் பொட்டலமாகக் கட்டி எதிரே வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் உத்தரவில்லை. ஆறாம் மாடி முழுக்கக் கூடி நின்றது. நான்காம் மாடிப் பெண்குழந்தை ஒன்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தது. பிரித்தார்கள், செவ்வரளி. “இன்னொருக்கா கேளுங்க” என்று துளசிமணி கெஞ்சினாள். “ரெண்டாந்தரம் கேக்கப்படாதுங்க்கா, குத்தமாயிரும்” என்றார்கள். உள்ளேயிருந்து சென்னியப்பன் அந்த ஒற்றை வார்த்தையைக் கத்திக்கொண்டிருந்தார், பூ வாக்கு கிடைத்த சந்தோஷத்தில் கத்துகிறார் என்று யாரோ சொன்னார்கள், துளசிமணி சொன்னவரைத் திரும்பிப் பார்த்தாள்.

இனி ஒருவர் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று ஆடிக் கடைசி வெள்ளியில் குழவிக்குச் சிமென்ட்டில் பீடம் கட்டிவிட்டார்கள். திறந்த கதவு அப்படியே பீடத்துக்கும் சுவருக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டது. கும்பாபிஷேகத்துக்குச் சர்க்கரைப் பொங்கல் எல்லா மாடிக்கும் போனது. துளசிமணி வாங்கி வைத்துக்கொண்டாள், தின்னவில்லை. அதற்குப் பிறகு வெள்ளிதோறும் வீட்டு வாசலை அடைத்தாள், கதவிடுக்கில் ஈரச் சேலையைத் திணித்தாள், லட்சுமி வராவிட்டால் போகட்டும் என்றுகூட ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாள். ஆனால் அது பிளைவுட் கதவு, அது யாரைத் தடுக்கும்? சாம்பல் கோடு தலையணை மட்டத்துக்கு வந்து நின்றது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில், புகை வந்தது. வழக்கம்போலத் தாய்மார்கள் குழந்தைகளின் தலையைத் துவட்டிக்கொண்டு ஓட்டைகளுக்கு முன்னால் வந்து நின்றார்கள். வழக்கம்போலப் பாட்டு ஆரம்பித்தது. இரண்டாம் மாடியில் ஒரு குழந்தை இருமியது. பிறகு அதன் தாய் இருமினாள். புகை கண்ணைக் கரிக்கிறதே என்று ஒருத்தி சொல்ல, மழை ஈரமாக இருக்கும் என்று இன்னொருத்தி சொல்ல, அது நாற்றமெடுக்க, கருக்க, சுவர் சுட ஆரம்பிக்க, வந்திருப்பது பழைய புகை அல்ல என்பது அவர்களுக்கு விளங்குவதற்குப் பாட்டில் பாதி முடிந்திருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் சொல்லக் கூடாத வார்த்தையை யாரோ கீழே கத்தினார்கள். தீ.

எல்லாரும் ஓடினார்கள். படி இருந்தவர்கள் படியில் இறங்கினார்கள். சபாபதி தன் தாயாரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்த அவசரத்திலும் பீடத்தைத் தாண்டும்போது ஒரு கை கன்னத்தில் போட்டுக்கொண்டது. “அக்கா, வந்துருங்க! வந்துருங்க்கா!” என்று படியிலிருந்து கத்தினார்.

துளசிமணி வாசலில் நின்றாள். நடைவழிக் கோடியில் கதவு திறந்து கிடந்தது, அதன் வழியே கருப்பாக, கூரையோடு கூரையாக, அது வந்துகொண்டிருந்தது. பின்னால் ஹாலில் இருந்த கருப்புச் சட்டைக்காரர் இந்த முறை கத்தவில்லை. சோறு போடு என்று கேட்கிற குரலில், மனைவியிடம் மட்டும் பேசுகிற குரலில், “சாத்து” என்றார்.

“சாத்தறனுங்க” என்றாள் துளசிமணி.

சாமிக்குத் தேங்காய் உடைக்கவென்று பீடத்தோரம் ஒரு கனத்த இரும்புத் துண்டு கிடந்தது. லிப்ட் பக்கம் போய், குனிந்து, அதை எடுத்தாள். “மன்னிச்சுக்குங்க” என்றாள், கல்லிடம் சொன்னாளா, வீட்டுக்குள் இருந்தவரிடம் சொன்னாளா என்று சொல்வதற்கில்லை. அடித்தாள். நொய்யல் வியூவில் கட்டிய எல்லாவற்றையும்போல அந்தப் பீடத்திலும் மணல்தான் அதிகம் இருந்தது. இருமிக்கொண்டே அடித்தாள், மண்டியிட்டு அடித்தாள், பூவும் சந்தனமும் எண்ணெயும் தெறிக்க அடித்தாள். குழவி பெயர்ந்து உருண்டது. பிலோமினா முறுக்கி வைத்திருந்த ஸ்பிரிங், காத்திருந்த மாதிரி, கதவை இழுத்து மூடிக்கொண்டது. நடைவழியும் வீடும் சென்னியப்பனும் அந்தப் பக்கம், துளசிமணி இந்தப் பக்கம்.

அந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது. கையால் இழுத்தால் திறக்கும், அவள் உள்ளே போயிருக்கலாம். ஆனால் அவள் கூடவே புகையும் போயிருக்கும், அவளுக்கு அது தெரிந்திருந்தது. அடியில் ஒரு விரல் சந்து இருந்ததும் தெரிந்திருந்தது. தீயணைப்புக்காரர்கள் முகமூடியோடு மேலே வந்தபோது, அவள் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். சாமிக்கு அத்தனை மாதமாகச் சாத்திய பட்டுத் துண்டுகள் எல்லாவற்றையும் அபிஷேகக் குடத்துத் தண்ணீரில் நனைத்து, சந்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நெருக்கமாகத் திணித்திருந்தாள். பட்டு போதாத இடத்தில் தன் முந்தானையைத் திணித்திருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் கோலத்தின்மேல் ஒரு பொட்டுச் சாம்பல்கூட விழவில்லை.

புகை அதற்குப் பிறகு வரவே இல்லை. தேடிவந்த நெருப்பு அதைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கொசு திரும்பி வந்தது, யாரும் குறை சொல்லவில்லை. எல்லா ஓட்டைகளையும் அடைத்தார்கள், எல்லா மாடியிலும் கதவைச் சாத்தினார்கள், பலகையைச் சுரண்டி மறுபடியும் தீக்கதவு என்று எழுதினார்கள். குழவியை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஆற்றில் விட்டார்கள். அவர்களில் பலர் நொய்யலைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

சென்னியப்பனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைத்தார்கள், மாடிக்கொருவர் முறைபோட்டுக்கொண்டு வந்து அவரோடு உட்கார்ந்தார்கள். செய்த பாவத்துக்கு அதையாவது செய்ய வேண்டுமே. அவருடைய வார்த்தைக்கு இப்போது எல்லாருக்கும் அர்த்தம் தெரியும். அவர் இடது கையைத் தூக்கிச் “சாத்து” என்றால் போதும், யார் இருந்தாலும் எழுந்து ஓடி வாசலைச் சாத்துவார்கள். மறுபடியும் “சாத்து” என்றால் அறைக் கதவைச் சாத்துவார்கள், ஜன்னலைச் சாத்துவார்கள். “சாத்தியாச்சுங்ண்ணா, பாருங்க, எல்லாம் சாத்தியாச்சு” என்று சபாபதி தினமும் வந்து ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார். சென்னியப்பன் கத்துவார். அவருடைய இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். பயம் இன்னும் போகவில்லை, பாவம் என்றார்கள். பகலிலேயே அந்த வீடு இருட்டாகிவிட்டது.

சித்திரையில் பிலோமினா வந்தாள். ஆறாம் மாடிக் கதவு மூடியிருந்தது, அடியில் பட்டை போட்டு முடித்தாள், பத்தி கொளுத்திக் காட்டினாள், புகை நேராக நின்றது. கையைக் கழுவிவிட்டு அவரைப் பார்க்கப் போனாள்.

“எப்புடி இருக்கறீங்க ஐயா?”

அவர் கையைத் தூக்கினார். “சாத்து.”

பார்த்துக்கொள்கிற ஆள் பதறி எழுந்தார். “எல்லாம் சாத்தித்தானுங்க இருக்குது. காத்தால இருந்து இதேதான்.”

பிலோமினா கதவைப் பார்த்தாள், சாத்தியிருந்தது. ஜன்னலைப் பார்த்தாள், சாத்தியிருந்தது. பிறகு, அந்த வீட்டில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள், அவர் விரல் போகிற வழியே பார்த்தாள். எதிர்ச்சுவரில் துளசிமணியின் படம் மாட்டியிருந்தது. கருப்புச் சட்டைக்காரர் வீடாயிற்றே, இனியாவது அவர் கொள்கைக்கு மரியாதை கொடுப்போம் என்று, படத்துக்கு யாரும் ஒரு பூகூட வைத்திருக்கவில்லை.

“சாத்து” என்றார் சென்னியப்பன்.

பிலோமினா தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்தாள். தலையில் வைத்த பூவை எடுத்துச் சாமிக்குச் சாத்தக் கூடாது என்பார்கள், இது சாமி இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, படத்தின் இரண்டு பக்கமும் சரியாகத் தொங்குகிற மாதிரி, சாத்தினாள்.

அவர் கையை மடியில் இறக்கிக் கண்ணை மூடிக்கொண்டார்.